குடைக்குப் பக்கத்தில் பெய்த தூறல்

ஜனவரி 22, திங்கள்

பூங்கோதைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஜெனிட்டா இன்று எனக்கும் ஒரு வேலை வைத்துவிட்டுப் போனாள். "அம்மா தினம் என்னென்ன வார்த்தை சொல்றாங்கன்னு குறிச்சு வையுங்க ஐயா. எனக்கு உதவியா இருக்கும்." மகள் அனுப்பிய டைரி சும்மாதான் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

நான் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆள். பேச ஆளும் கிடையாது, பேசும் ஆசையும் கிடையாது. வீட்டுக்கு வந்தால் என் பங்கையும் சேர்த்து இவள் பேசுவாள். பால்காரரிடம், கேஸ் ஏஜென்சியில், கல்யாண வீடுகளில், எங்கே போனாலும் எங்கள் இருவருக்கும் இவள்தான் வாய். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

ஐப்பசியில் ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. கால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டால் நடப்பாள். எது சொன்னாலும் புரிகிறது. வார்த்தைகளும் உள்ளே பத்திரமாக இருக்கின்றனவாம். வெளியே வரத்தான் வழி தெரியாமல் நிற்கின்றன என்று டாக்டர் சொன்னார். எந்த வார்த்தை எப்போது வரும், வருமா என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

இன்று சொன்னவை: இல்ல. போதும். சீ.

கடைசியாகச் சொன்னது என் சாம்பாரைப் பற்றி.

ஜனவரி 23, செவ்வாய்

இல்ல. தண்ணி.

தோசை மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்துவிட்டது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

ஜனவரி 25, வியாழன்

ஜெனிட்டாவிடம் திட்டு வாங்கினேன். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் வந்தது. பூங்கோதை வாயைத் திறந்தாள், "க... கத்..." என்று முக்கினாள். "கத்தரிக்கோல்" என்றேன் நான். அடுத்தது வாளி. அதையும் நானே சொன்னேன்.

ஜெனிட்டா அட்டைகளைக் கீழே வைத்தாள். "ஐயா, இது அம்மாவுக்கு வெச்ச பரீட்சை. நீங்க பாஸ் பண்ணிட்டீங்க."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள். "நீங்க எடுத்துக் குடுத்தா அவங்க தேட மாட்டாங்க. தேடினாத்தான் வழி கெடைக்கும். கொஞ்சம் காத்திருங்க."

காத்திருக்க எனக்கா தெரியாது? சிக்னல் விழாமல் அரக்கோணத்துக்கு வெளியே நட்ட வெயிலில் அரை நாள் நின்றவன் நான். ஆனால் அங்கே எனக்கு முன்னால் யாரும் ஒரு சொல்லுக்காகத் தொண்டை துடிக்க நின்றுகொண்டிருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பது வேறு வேலை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

என்னைக் கூப்பிடுவதற்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறாள். கட்டில் சட்டத்தில் தட்டினால் நான் போக வேண்டும். முன்பெல்லாம் "ஏங்க" என்பாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்க மாட்டேன். இரண்டாவது "ஏங்க" கொஞ்சம் காரமாக வரும், அதற்குத்தான் எழுந்திருப்பேன். டம்ளருக்கு முதல் தட்டிலேயே போய்விடுகிறேன். ஒருவிதத்தில் இதுவே வசதி.

ஜனவரி 28, ஞாயிறு

இவளை வெளியே கூட்டிப்போக முடியவில்லை என்று ஜெனிட்டாவிடம் சொல்லியிருந்தேன். பொங்கலன்று கோயிலுக்குப் போனோம். பழைய ரயில்வே குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டில் இருந்த அம்மாள் பார்த்துவிட்டு, "என்ன பூங்கோதை, எங்கூடப் பேச மாட்டியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு விஷயம் தெரியாது. சுற்றிலும் ஆட்கள். இவள் உதடு மட்டும் அசைந்தது. நான் விவரம் சொன்னேன். அந்த அம்மாள் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு வந்து படுத்தவள்தான், பிறகு பால்கனியில்கூட நிற்பதில்லை. கீழே போகிறவர்கள் தலையை நிமிர்த்தி ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் வியாழனன்று ஜெனிட்டா ஒரு நோட்டீஸ் கொடுத்தாள். நுங்கம்பாக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் ஜப்பான் மரக்கட்டைப் படங்களின் கண்காட்சி. மரத்தில் செதுக்கி, நிறம் தடவி, காகிதத்தில் ஒற்றி எடுக்கும் படங்களாம்.

"படத்தைப் பத்தி நமக்கு என்னம்மா தெரியும்?" என்றேன்.

"தெரிய வேண்டாம் ஐயா. அங்க யாரும் பேச மாட்டாங்க. பேசினாத்தான் திரும்பிப் பார்ப்பாங்க."

நோட்டீஸை மேஜையில் வைத்திருந்தேன். மறுநாள் காணோம். இன்று காலை படுக்கை விரிப்பு மாற்றும்போது அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் இடது கையால் அதை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள்.

அடுத்த ஞாயிறு போகிறோம்.

இன்று சொன்னவை: இல்ல. வேணாம். இன்னொன்று பாதியில் நின்றுவிட்டது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை என்பதை ஜெனிட்டா கவனிக்கவும்.

பிப்ரவரி 2, வெள்ளி

மகள் நிறைமதி புனேயிலிருந்து போன் செய்தாள். "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள். பூங்கோதை காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பேசுவது எனக்கும் கேட்டது. "நிறைன்னு சொல்லும்மா. ஒரே ஒரு தடவை."

இவள் வாயைக் குவித்தாள், பல்லைக் கடித்தாள், மூச்சை இழுத்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தூக்கம் வருது" என்றேன். காலை பத்து மணிக்கு. மகளும் "சரிப்பா" என்றாள்.

ஞாயிறு போக வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு உள்ளே வந்தால், பீரோ திறந்திருக்கிறது. மயில் கழுத்து நிறப் புடவையை ஒற்றைக் கையால் இழுத்துக் கட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். அழுத முகத்தோடுதான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

எவ்வளவு எழுதுவேன் என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

புடவை கட்டவே பாதிக் காலை போயிற்று. கொசுவம் எடுக்க நான் கற்றுக்கொண்டது இந்த மூன்று மாதத்தில்தான். முதல் தடவை மடித்ததைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவிழ்த்தேன். இரண்டாவதற்கும் அதே ஆட்டம். மூன்றாவது தடவை பெருமூச்சு விட்டுவிட்டுச் சம்மதித்தாள். கண்ணாடியில் நெற்றிப் பொட்டைத் தானே வைத்துக்கொண்டாள். இடது கைப் பொட்டு கொஞ்சம் தள்ளித்தான் விழுந்தது. நான் சரி செய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

ஆட்டோவில் என் தோளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரம்பூர் தாண்டும் வரை தலையை நிமிர்த்தவில்லை.

பங்களாவின் பெரிய கூடம். நான்கு சுவரிலும் படங்கள், உள்ளங்கை இரண்டை அகல விரித்த அளவுதான் ஒவ்வொன்றும். ஜெனிட்டா சொன்னது உண்மை, ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூங்கோதை வாசலில் நின்று ஒருமுறை பார்த்தாள். பிறகு கோயிலில் நுழைந்ததும் திரும்புவதுபோல இடது பக்கம் திரும்பினாள். நானும் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே திரும்பினேன். இத்தனை வருஷம் பிரகாரம் சுற்றிய கால்கள், அவற்றுக்கு வேறு வழி தெரியாது. கொஞ்ச நேரத்தில்தான் கவனித்தேன், கூடத்தில் இருந்த மற்ற எல்லோரும் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் மெதுவாக வந்தார். "சார், இது அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்குது. அவங்க வழக்கப்படி வலதுலேர்ந்து இடது. நீங்க கடைசியிலேர்ந்து வர்றீங்க."

அவர் தணிந்த குரலில் விளக்கினார். அந்தக் காலத்தில் தலைநகரத்திலிருந்து ஒரு நெடுஞ்சாலை போகுமாம். ஜனங்கள் நடந்தே போவார்கள். வழியில் தங்கும் ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு படம். ஊரை விட்டுக் கிளம்பும் பாலத்தில் கதை ஆரம்பம்.

திரும்பலாமா என்று பூங்கோதையைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது, இப்படிப் போனால்தான் அவளுடைய நல்ல கை சுவர்ப் பக்கம் இருக்கும், வேண்டியதைத் தொட்டுக் காட்டலாம். "இருக்கட்டும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "போற வண்டின்னு ஒண்ணு இருந்தா வர்ற வண்டின்னு ஒண்ணு இருக்கும்ல? நாங்க வர்ற வண்டி." அவர் சிரித்து வழி விட்டார். இவளும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஊரில் யாரிடமும் வாய் கொடுக்காதவன் இப்படிப் பேசுகிறானே என்றுதான் இருக்கும்.

படங்களைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. ஓவியர் பெயர் வாயில் நுழையவில்லை. ஆனால் அந்த நீலம். வானத்தின் உச்சியில் கருநீலமாக ஆரம்பித்து, கீழே வர வர வெளுத்து, மலை தொடங்கும் இடத்தில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. மரக்கட்டையில் இது எப்படி முடியும் என்று புரியவில்லை. ஒரு படத்தில் சாவடித் திண்ணையில் உட்கார்ந்து ஒருவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒன்றில் ஆற்றைக் கடக்க ஒரு பெண்ணைப் பலகையில் உட்காரவைத்துத் தூக்கிப் போகிறார்கள். அவள் பயத்தில் பலகையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். பூங்கோதை அதை விரலால் காட்டி, பிறகு தன் கையைப் பிடித்திருந்த என் கையைக் காட்டினாள். நான் தலையாட்டினேன். இதற்கு வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரும் விவரமும் இருந்தன. படித்துக் காட்ட எனக்கு நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

கடைசிப் படம், அதாவது மற்றவர்களுக்கு முதல் படம். விடியற்காலை, பாலம், மூட்டையோடு ஆட்கள். அவர்கள் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள் என்று எழுதியிருந்தது. எத்தனையோ மழையையும் பனியையும் ஆற்றையும் தாண்டி வந்த எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. பூங்கோதை அந்தப் பாலத்துக்கு அப்பால் தெரிந்த கூரைகளையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பின்பக்க வராந்தாவில் ஒரு நீள மேஜை. அங்கே ஹாருமி என்று சட்டையில் பெயர் குத்திய ஜப்பான்காரப் பெண்மணி படம் ஒற்றி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். கணவருக்கு இங்கே கார் கம்பெனியில் வேலையாம், தமிழ் கற்றுக்கொள்கிறாராம். சின்னப் படம்தான்: ஒரே குடையின் கீழ் ஓர் ஆணும் பெண்ணும், முதுகைக் காட்டி நடந்துபோகிறார்கள். முதல் கட்டையில் கறுப்புக் கோடுகள். இரண்டாவதில் நீலம். நிறத்துக்கு ஒரு கட்டை. ஒவ்வொன்றின் மூலையிலும் சிறு பள்ளம் வெட்டியிருக்கிறது. காகிதத்தின் முனையை அதில் பொருத்தி வைத்தால்தான் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழும். பிறகு மூங்கில் ஓலை சுற்றிய வட்டமான ஒன்றால் காகிதத்தின் முதுகைத் தேய்க்கிறார்.

"இது மூன்றாவது கட்டை" என்றார், புத்தகத் தமிழில். "இது மழை. ஆனால் பெரிய மழை இல்லை. சின்ன மழை. அதற்கு ஒரு வார்த்தை. நான் படித்தேன்." நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். வலது கை விரல்கள் காற்றில் எதையோ தேடின.

"டிரிஸில்" என்றான் ஒரு கல்லூரி மாணவன்.

"இல்லை. தமிழில்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

எனக்கு நுனி நாக்கில் நிற்கிறது. வாயைத் திறந்தேன். பூங்கோதையின் இடது கை என் மணிக்கட்டை அழுத்தியது. நல்ல அழுத்து. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்மணியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என்ன நடக்கிறது என்று அந்த வராந்தாவிலேயே அவளுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நாங்கள் எல்லோரும் நின்றோம். அவசரமே இல்லாமல் அவள் காத்திருந்தாள்.

ஹாருமி கண்ணைத் திறந்து, வரவில்லை என்று கையை விரித்தார். விரித்த கை நேராகப் பூங்கோதையிடம் நீண்டது, நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல. இவளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

கோயிலில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கப்போகிறது, ஏன் கூட்டிவந்தேன் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலையைச் செய்ததில்லை.

"தூ" என்றாள் பூங்கோதை. நின்றது. மூச்சு வாங்கினாள். "தூ... தூறல்."

"தூறல்" என்றார் ஹாருமி. முகம் முழுக்க மலர்ந்துவிட்டது.

"தூறல்" என்றாள் இவள் மறுபடியும், சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல.

"தூறல். நன்றி. நான் மறக்க மாட்டேன்."

நான் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு தண்ணீர் டாங்க் இருந்தது. அதையே பார்த்தேன்.

பிறகு இவளையே உட்காரவைத்து ஒரு படம் ஒற்றி எடுக்கச் சொன்னார் ஹாருமி. கோடும் நீலமும் ஏற்கெனவே விழுந்த காகிதம், தூறல் மட்டும் பாக்கி. இடது கையால்தான் வைத்தாள். காகிதத்தின் முனை பள்ளத்தில் உட்காராமல் நழுவிவிட்டது. தேய்த்து எடுத்துப் பார்த்தால், தூறல் முழுக்க ஓரமாய் ஒதுங்கி, குடைக்கு ஒரு விரல் தள்ளிப் பெய்துகொண்டிருக்கிறது. குடையின் மேல் ஒரு கோடுகூட விழவில்லை.

ஹாருமி வேறு காகிதம் எடுத்தார். பூங்கோதை வேண்டாம் என்று தலையசைத்தாள். படத்தில் இருந்த இருவரையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "நனை... நனையல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய சிரிப்பு.

வரும்போது ஆட்டோவில் தலையை நிமிர்த்திக்கொண்டு கடைகளைப் பார்த்தபடியே வந்தாள். படத்தை மடியில் வைத்து இடது கையால் பிடித்திருந்தாள்.

இன்று சொன்னவை: தூறல். தூறல். நனையல.

பிப்ரவரி 5, திங்கள்

இல்ல. தண்ணி.

படத்தை டிவிக்கு மேலே மாட்டினேன். கோணலாக இருக்கிறது என்று கையால் காட்டிக் காட்டி ஆணியை மூன்று முறை பிடுங்கவைத்தாள்.

பிப்ரவரி 8, வியாழன்

ஜெனிட்டா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அட்டைகளை எடுத்தாள். குடை. வரவில்லை. மழை. வரவில்லை. டிவிக்கு மேலே மாட்டிய படத்தில் தூறலைக் காட்டி, "ஞாயித்துக்கிழமை இத சொன்னீங்களேம்மா" என்று மெதுவாகக் கேட்டாள். பூங்கோதை படத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. அட்டையைத் தள்ளிவிட்டாள்.

நானும் வாய் திறக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து பார்த்தேன்.

"வரும், போகும் ஐயா. ஒரு தடவை வந்துச்சுன்னா உள்ள வழி இருக்குன்னு அர்த்தம். எந்த வார்த்தை எப்ப வரும்னு நாம சொல்ல முடியாது" என்றாள் ஜெனிட்டா.

அவள் போனபிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதையும் ஜெனிட்டா படிப்பாள். படிக்கட்டும். இந்த வீட்டில் பூங்கோதை பேசிக்கொண்டே இருந்த காலத்தில், கொஞ்சம் சும்மா இரேன் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்.

வெளியே வந்தால் பூங்கோதை கதவுக்குப் பக்கத்தில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

சோறு. இல்ல.

சாயங்காலம் கொஞ்ச நேரம் பால்கனியில் வந்து நின்றாள். கீழே அயர்ன் வண்டிக்காரர் தலையசைத்தார். இவளும் தலையசைத்தாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பூங்கோதையை அடுக்களையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் படுக்கையறையிலேயே இருந்தது. எடுத்து வந்து கொடுக்க மறந்துவிட்டேன்.

"ஏங்க."

முதலில் டிவியோ என்று பார்த்தேன். டிவி ஓடவில்லை. பேப்பர் கையில் அப்படியே இருந்தது. எழுந்து ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. காதில் விழாதவன்போல, தலையைக்கூடத் திருப்பாமல், மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க."

இரண்டாவது கொஞ்சம் காரமாகவே வந்தது.

போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, மேடையிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. பூங்கோதை பாத்திரத்தைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று சொன்னது: ஏங்க. இரண்டு தடவை.